அழுதால்தான் நடிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இருண்ட அறிவியல் புனைவுத் தொடர்களைப் பார்க்கும் தமிழ் ரசிகர்கள் சிங்கப்பூரில் இப்போது நிறையவே இருக்கிறார்கள். 'செவரன்ஸ்' தொடரின் இரண்டாம் சீசன் 2025 ஜனவரியிலிருந்து மார்ச் வரை வாரம் ஓர் எபிசோடாக வந்தபோது, வாட்ஸ்அப் குழுக்களிலும் மதிய உணவு மேசைகளிலும் அதைப் பற்றித்தான் பேச்சு. கதையின் முடிச்சுகளை நம்மவர்கள் அலசுகிற விதம் பாராட்டத்தக்கது. எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, யார் யாரை வேவு பார்க்கிறார்கள் என்று துருவித் துருவிப் பார்க்கிறார்கள். ஆனால் பேச்சு நடிப்பின் பக்கம் திரும்பியதும் மூன்றே தீர்ப்புகளில் முடிந்துவிடுகிறது: "செம நடிப்பு", "மூஞ்சியில ஒண்ணுமே இல்ல", "ஓவர் ஆக்டிங்". இந்த வகைத் தொடர்களில் கதையின் பாதியைச் சொல்வது முகங்கள்தான். அந்த முகங்களை எப்படிப் பார்ப்பது, எதை வைத்து மதிப்பிடுவது, எங்கே நம் மதிப்பீடு பிசகுகிறது என்பதைப் பற்றிச் சொல்லவே இக்கடிதம். கதை முடிச்சுகள் சில இதில் அவிழும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

தொடரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: லூமன் என்னும் நிறுவனம் ஊழியர்களின் மூளையில் ஒரு சில்லைப் பொருத்துகிறது. லிஃப்டில் இறங்கி வேலைத் தளத்துக்குப் போனதும் வெளியுலக நினைவு அறுந்துவிடும். மாலையில் ஏறி வந்ததும் வேலை நினைவு அறுந்துவிடும். ஆக, ஓர் உடம்பில் இரண்டு பேர். உள்ளே இருப்பவருக்குத் தூக்கம் என்றால் என்னவென்று தெரியாது, வெயில் தெரியாது, தனக்குக் குடும்பம் உண்டா என்பதும் தெரியாது.

இரட்டை வேடம் நமக்குப் புதிதல்ல. அண்ணனுக்கு மீசை இருக்கும், தம்பிக்கு இருக்காது. ஒருவருக்குக் கன்னத்தில் மச்சம். ஒருவர் பட்டணத்துக் கோட்டு, மற்றவர் கிராமத்து வேட்டி. ஒப்பனையே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். மார்க் என்னும் பாத்திரத்தில் நடிக்கும் ஆடம் ஸ்காட்டுக்கு அந்த வசதி கிடையாது. அதே கோட்டு, அதே தலைவாரல். கேமரா ஒரு திசையில் நகர, லென்ஸ் எதிர்த் திசையில் இழுக்க, முகம் இருந்த அளவிலேயே நின்று பின்னணி மட்டும் நெளியும் 'டாலி ஸூம்' உத்தியில் லிஃப்ட் காட்சிகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. மாற்றம் நடந்துவிட்டது என்று கேமரா சொல்லிவிடும். யார் போய் யார் வந்திருக்கிறார் என்பதை மட்டும் கேமராவால் சொல்ல முடியாது. அது நடிகரின் கழுத்திலும் தோளிலும் இமையிலும்தான் தெரிய வேண்டும்.

முதல் எபிசோடின் தொடக்கத்தில், வேலைக்கு வந்த மார்க் காரிலேயே உட்கார்ந்து அழுகிறார். மனைவி இறந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும் மனிதர். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறார். லிஃப்ட் திறந்ததும் வெளியே வருபவருக்கு அந்த அழுகை பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கண் அதே கண், அழுத களைப்பு அதில் இருந்தாக வேண்டும். காரணம் தெரியாத களைப்பைச் சுமந்துகொண்டு சக ஊழியர்களிடம் சாதாரணமாகப் பேசுகிறார் ஸ்காட். காரில் அழுததைப் பலரும் பாராட்டினார்கள். அதைவிடக் கடினமான நடிப்பு அதற்கு அடுத்து வந்த சில நிமிடங்களில்தான் இருக்கிறது. அழுவதற்குப் பயிற்சி பெற்ற நடிகர்கள் எத்தனையோ பேர் உண்டு. அழுததை உடம்பில் வைத்துக்கொண்டு அதை மறந்தவராக நிற்க எல்லாராலும் முடியாது.

ரசிகர்களின் கணிப்புக்கு மிகப் பெரிய சோதனையாக அமைந்தது பிரிட் லோவரின் நடிப்பு. உள்ளே இருப்பவள் ஹெல்லி, எதிர்த்துக் கேட்கும் பெண். வெளியே இருப்பவள் ஹெலனா, நிறுவன உரிமையாளர் குடும்பத்து வாரிசு. இரண்டாம் சீசன் 2025 ஜனவரி 17ஆம் தேதி தொடங்கியதும், "முதல் சீசனில் இருந்த துடிப்பு போய்விட்டது, ஏதோ ஒட்டாமல் நடிக்கிறார்" என்று ஒரு சாரார் குறைபட்டுக்கொண்டார்கள். இன்னொரு சாரார் அதே ஒட்டாமையைப் பார்த்துவிட்டு வேறொரு முடிவுக்கு வந்தார்கள்: இவள் ஹெல்லியே இல்லை, ஹெல்லிபோல் நடிக்கும் ஹெலனா. வெளியே என்ன பார்த்தாய் என்று கேட்டபோது, இரவில் தோட்ட வேலை செய்யும் ஒருவரைப் பார்த்ததாக அவள் சொன்ன கதை அவர்களை உறுத்தியது. அதைவிட, பதில் சொல்வதற்கு முன் எதிரில் இருப்பவரின் முகத்தை ஒரு கணம் படித்துவிட்டுப் பேசும் பழக்கம். ஹெல்லி முகம் படிப்பவள் அல்ல, வாயில் வந்ததைச் சொல்லிவிடுபவள். பிப்ரவரி 7ஆம் தேதி வெளிவந்த நான்காவது எபிசோடில், ஜான் டர்டுரோ ஏற்று நடித்த சக ஊழியர் இர்விங், அவள் தலையைத் தண்ணீருக்குள் அழுத்தி உண்மையை வெளிக்கொண்டு வந்தார்.

அந்த மூன்று வாரங்களையும் நடிப்பைப் பற்றி எழுதும் எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டு சாராரும் பார்த்தது ஒன்றையேதான். ஒரு சாரார் அதை நடிகையின் பிழை என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். மற்றவர்கள், 'திறமையுள்ள நடிகை ஏன் இப்படிச் செய்கிறார்?' என்ற கேள்வியோடு காத்திருந்தார்கள். லோவர் செய்தது இரண்டடுக்கு வேலை. ஹெலனாவாக இருக்க வேண்டும், அந்த ஹெலனா ஹெல்லியாக நடிக்க வேண்டும், அந்த நடிப்பு சக ஊழியர்களை ஏமாற்றும் அளவுக்கு நன்றாகவும், கூர்ந்து பார்ப்பவருக்குப் பிடிபடும் அளவுக்குக் குறையோடும் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் நாடகத் தொடருக்கான சிறந்த நடிகை எம்மி விருது (அமெரிக்கத் தொலைக்காட்சி விருது) அவருக்குக் கிடைத்தது. விருது பெற்றதும் அவர் உரை எழுதி வைத்திருந்த தாளின் பின்பக்கத்தில் 'என்னை வெளியே விடு' என்ற பொருளில் எழுதியிருந்ததையும் ரசிகர்கள்தான் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு கூர்மையான கண்கள் இருக்கும்போது நம் பாராட்டு ஏன் ஒற்றைச் சொல்லில் நிற்க வேண்டும்?

அதே இரவில் நாடகத் தொடரின் சிறந்த துணை நடிகருக்கான எம்மி விருது மேலாளர் மில்சிக் பாத்திரத்தில் நடித்த டிரமெல் டில்மனுக்குப் போனது. அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பின நடிகர் அவர். அவர் அணிவகுப்பு இசைக்குழுவோடு ஆடும் காட்சிதான் துணுக்குகளாக வெட்டப்பட்டு எங்கும் பரவியது. என் மதிப்பில் அவரது உச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. நீளமான சொற்களைப் பயன்படுத்துகிறார் என்று மேலிடம் அவரைக் கண்டித்துவிடுகிறது. பிறகு அவர் தனியாகக் கண்ணாடி முன் நின்று ஒரு வாக்கியத்தைச் சொல்கிறார். சுருக்குகிறார். மறுபடி சுருக்குகிறார். கடைசியில் ஒரே ஒரு சொல் மிஞ்சுகிறது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. குரல் உயரவில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தாடை சற்றே இறுகுகிறது, அவ்வளவுதான். அவமானப்பட்ட மனிதர் தன் பேச்சைத் தானே நறுக்கிக்கொள்வதைப் பார்க்கிறோம். இந்தக் காட்சியைத் துணுக்காக வெட்டினால் யாரும் பகிர மாட்டார்கள், ஏனெனில் முன்கதை தெரியாதவருக்கு அது வெறும் உச்சரிப்புப் பயிற்சி. துணுக்குகளை வைத்து நடிப்பை எடைபோடுவதில் உள்ள கோளாறே இதுதான்: கத்தலும் கதறலும் முன்கதை இல்லாமலும் புரியும், அடக்கம் புரியாது. அதனால் கத்தல் மட்டுமே நம் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது.

இருண்ட அறிவியல் புனைவில் அடக்கம் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்குத் தொழில் சார்ந்த காரணங்கள் உண்டு. முதலாவது, அந்த உலகம் பார்வையாளருக்குத்தான் புதிது, பாத்திரத்துக்குப் பழையது. தினமும் விண்கலத்தில் வாழ்பவர் சன்னல் வழியே நட்சத்திரத்தைப் பார்த்து வாயைப் பிளக்க மாட்டார். நடிகர் வியந்தால் அந்த உலகம் அட்டைச் செட்டாகிவிடும். இரண்டாவது, வசனத்தில், இல்லாத ஊரின் சொற்கள் வரும், கருவிப் பெயர்கள், கட்டளைச் சங்கேதங்கள். அவற்றைச் சாப்பாட்டுக் கடையில் 'தே ஓ' (பாலில்லாத் தேநீர்) சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லில் அழுத்தம் கூடினாலும் நடிகர் மனப்பாடம் செய்தது காதில் விழும். மூன்றாவது, பல காட்சிகளில் எதிரே ஒன்றுமே இருக்காது. பச்சைத் திரையும், கண் நிற்க வேண்டிய உயரத்தில் ஒட்டிய டேப்புத் துண்டும் மட்டும்தான். டேப்பைப் பார்க்கும் கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். உண்மையில் பெரிய ஒன்றைப் பார்க்கும் கண் மேலும் கீழும் அலையும். அந்த அலைச்சலை நடிகர் தானாகக் கொண்டுவர வேண்டும். எங்கே ஒரு விண்வெளிக் காட்சி பொய்யாகத் தோன்றுகிறதோ அங்கே பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் கோளாறு, வரைகலை அல்ல.

2003இல் குறுந்தொடராகத் தொடங்கி 2009 வரை ஓடிய 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' இதற்கு நல்ல பாடம். மனித குலமே அழிந்து ஏறத்தாழ 50,000 பேர் மட்டும் கப்பல்களில் தப்பி ஓடுகிறார்கள். குறுந்தொடருக்குப் பிறகு வந்த முதல் எபிசோடின் பெயர் '33'. எதிரிகள் 33 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தாக்குவதால் ஐந்து நாளுக்கு மேலாக யாருக்கும் தூக்கமில்லை. 2005இல் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது பெற்ற எபிசோடு அது. அதில் ஒப்பாரி கிடையாது. கேள்வி கேட்டால் பதில் சற்றுத் தாமதித்து வருகிறது. ஒருவர் பேச்சின் நடுவே சொல் மறந்து நிற்கிறார். கோபம் வரவேண்டிய இடத்தில் எரிச்சல்தான் வருகிறது, கோபப்படவும் தெம்பு வேண்டுமே. அதிபர் ரோஸ்லினாக நடிக்கும் மேரி மெக்டானல், உயிரோடு இருப்பவர் எண்ணிக்கையை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். குறைந்துகொண்டே வரும் எண். முடிவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது, பலகையில் ஒன்றைக் கூட்டுகிறார். அந்த முகத்தில் வருவது மகிழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. மகிழ்ச்சி எப்படி இருக்கும் என்று முகத்தசை நினைவுபடுத்திக்கொள்ளும் முயற்சி அது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. நம் தொலைக்காட்சி நாடகங்கள் பெரும்பாலும் இழவு ஒன்றையே காட்டிக் காட்டி நம் கண்ணை அதற்குப் பழக்கிவிட்டன. சாவு விழுந்தால் அழுகை, அழுதால் நடிப்பு. முன்பிருந்த நிலை கெட்டு வேறொன்றாகிப் போன வருத்தத்தை அசைவு என்பார்கள். '33' முழுக்க நிறைந்திருப்பது அதுதான். மில்சிக்கின் கண்ணாடிக் காட்சியில் இருப்பது இளிவு, பிறர் இகழ்வதால் வரும் வருத்தம். இரண்டுக்கும் கண்ணீர் கட்டாயமில்லை. எந்த வகைத் துயரம் என்று முதலில் கேட்டுக்கொண்டால், "ஏன் அழவில்லை?" என்ற கேள்வி பல இடங்களில் எழாது.

இனி, பார்க்கும் முறை. நல்ல நடிப்பும் கெட்ட திரையில் செத்துப்போகும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சிப் பெட்டியில் அசைவை மென்மையாக்கும் வசதி ஒன்று இருக்கும். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி' என்று பெயர். விநாடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுத்த படத்துக்கு நடுவே இல்லாத சட்டங்களைப் பெட்டியே உண்டாக்கிச் செருகும். பந்தாட்டத்துக்கு அது சரி. நாடகத்தில் முகத்தின் சின்னச் சின்ன அசைவுகள் வழவழப்பாகி, மலிவான வீடியோவில் எடுத்த மேடை நாடகம் மாதிரி தெரியும். "ஏதோ செயற்கையா இருக்கு" என்று நடிகரைக் குறை சொல்பவர்களில் பலர் உண்மையில் இந்த வசதியைத்தான் குறை சொல்கிறார்கள். பட அமைப்புக்குள் போய் அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், இதுவும் சேர்ந்து அணைந்துவிடும். அடுத்து, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையின் டியூப் லைட். அது திரையில் பிரதிபலித்தால் இருட்டான காட்சிகளில் நடிகரின் கண்குழி முழுக்க மறைந்துவிடும். விளக்கை அணைக்க முடியாவிட்டால் திரைக்கு நேரெதிரே இல்லாத விளக்கை மட்டும் போடுங்கள்.

வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது இன்னும் பெரிய கேடு. 1.5 மடங்கு வேகத்தில் 3 விநாடி மௌனம் 2 விநாடியாகிவிடும். வசனம் புரியும், கதை புரியும். ஆனால் ஒருவர் பொய் சொல்லத் தீர்மானிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அந்த மூன்றாவது விநாடியில்தான் இருந்திருக்கும். ஹெலனாவை முன்கூட்டியே பிடித்தவர்கள் வேகத்தைக் கூட்டிப் பார்த்திருந்தால் பிடித்திருக்க முடியாது. எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு கைப்பேசியில் பார்ப்பவருக்கு, குளோசப்பில்கூட நடிகரின் முகம் கட்டைவிரல் அளவுக்கு மேல் தெரியாது, தொலைவுக் காட்சியில் முகமே இருக்காது. கதையைத் தெரிந்துகொள்ள அது போதும். நடிப்பைப் பற்றித் தீர்ப்பு எழுத அது போதாது.

சப்டைட்டில் தேவைதான், குறிப்பாக முணுமுணுப்பாகப் பேசும் தொடர்களில். ஆனால் எழுத்தைப் படிக்கும் கண் முகத்தில் இருக்க முடியாது. பேசி முடிக்கும் முன்பே வரியைப் படித்து முடித்துவிடுவதால், நடிகர் அந்தச் சொல்லை எப்படிச் சொல்லப் போகிறார் என்ற எதிர்பார்ப்பும் போய்விடும். முக்கியமான காட்சியை ஒருமுறை எழுத்தோடும் மறுமுறை எழுத்தில்லாமலும் பாருங்கள். டப்பிங் விஷயம் வேறு. மொழிமாற்றத்துக்கு அனுப்பும்போது இசையும் ஓசைகளும் மட்டும் உள்ள தடத்தைத்தான் அனுப்புவார்கள். நடிகரின் பேச்சோடு அவரது மூச்சு, செருமல், விழுங்கல், அடக்கிய விம்மல் எல்லாமே கழன்றுவிடும். டப்பிங் கலைஞர் அதையெல்லாம் புதிதாகச் செய்தாக வேண்டும், அவசரத்தில் வசனம் மட்டும் பதிவாகி மூச்சு விடுபட்டுவிடும். தமிழில் கேட்கும்போது முகம் ஒன்றும் குரல் ஒன்றுமாகத் தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். டப்பிங்கில் மட்டும் பார்த்துவிட்டு நடிகரின் குரலைப் பற்றிக் குறை எழுதுவது நியாயமல்ல.

பிடித்த காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று முறை பார்க்கலாம். முதலில் சத்தமில்லாமல். உறவு நிலை வசனமின்றியே புரிகிறதா என்று பாருங்கள். யார் யாரை நோக்கிச் சாய்கிறார், யார் கையை எங்கே வைத்திருக்கிறார், கை எப்போது நகர்கிறது. பிறகு படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும், காதொலிக் கருவியோடு. மூச்சு எங்கே இழுக்கிறார், எந்தச் சொல்லுக்கு முன் தயங்குகிறார் என்பது அப்போதுதான் கேட்கும். மூன்றாவது முறை பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவரை மட்டும் பாருங்கள். நல்ல நடிகரும் சுமாரான நடிகரும் பிரியும் இடம் இதுதான். சுமாரான நடிகர் தன் முறைக்காகக் காத்திருப்பார், எதிராளி முடிக்கும் முன்பே அவர் முகத்தில் அடுத்த வசனம் வந்து உட்கார்ந்துவிடும். நல்ல நடிகர் கேட்கும்போதே மாறுவார்.

இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடில் இதற்கு ஓர் அருமையான பயிற்சிக் களம் இருக்கிறது. வெளி மார்க்கும் உள் மார்க்கும் ஒரு கையடக்க வீடியோ கேமராவில் மாறி மாறிச் செய்தி பதிவுசெய்து உரையாடுகிறார்கள். வெளி மார்க் கனிவாகத்தான் பேசுகிறார். நடுவில், உள் மார்க் காதலிக்கும் ஹெல்லியின் பெயரை 'ஹெலனி' என்று தவறாகச் சொல்லிவிடுகிறார். அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் உள் மார்க்கின் முகத்தைப் பாருங்கள். இவனுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. பிறகு வரும் வாக்குவாதமெல்லாம் அந்தக் கணத்தின் விளைவுதான். இரண்டு முகங்களும் ஒரே நடிகருடையவை. ஒன்று நடிக்கும்போது மற்றது அங்கே இருந்திருக்க முடியாது.

ஒரே சட்டத்துக்குள் ஒருவரே இருவராக வர வேண்டுமென்றால் வேலை இன்னும் கூடும். 2013 முதல் 2017 வரை வந்த 'ஆர்ஃபன் பிளாக்' தொடரில் டட்டியானா மஸ்லானி ஒரே மரபணு கொண்ட பல குளோன்களாக நடித்தார், 2016இல் எம்மியும் வென்றார். கணினி இயக்கும் கேமரா ஒரே நகர்வைத் துல்லியமாகத் திரும்பச் செய்யும். முதலில் மஸ்லானி ஒரு பாத்திரமாகவும் கேத்ரின் அலெக்சாண்டர் என்னும் மாற்று நடிகை எதிர்ப் பாத்திரமாகவும் நடிப்பார்கள். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். முதல் டேக்கில் விட்ட இடைவெளிக்குள் இரண்டாவது பாத்திரத்தின் பதில் விநாடி பிசகாமல் விழ வேண்டும். பார்வை உயரம் சற்றுத் தவறினாலும் இருவரும் வெவ்வேறு ஆளைப் பார்த்துப் பேசுவதாகத் தெரியும். ரசிகர்கள் மஸ்லானியைக் கொண்டாடியது நியாயமே. திரையில் தெரியாத அந்த மாற்று நடிகையைப் பற்றியும் தெரிந்து எழுதியவர்களை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

எது நடிகரின் வேலை, எது மற்றவருடையது என்று பிரித்துப் பார்ப்பதும் அவசியம். கண்ணீரை மட்டும் வைத்துப் பாராட்டாதீர்கள். கண்ணுக்குக் கீழே மெந்தால் குச்சியைத் தடவினால் யாருக்கும் கண் கலங்கும், அது தப்புமில்லை. முகத்தைக் காட்டி, வேறொன்றைக் காட்டி, மறுபடி முகத்தைக் காட்டும்போது நமக்குத் தோன்றும் உணர்ச்சியில் எடிட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. இசை ஓங்கி ஒலிக்கும் இடத்தில் நம் நெஞ்சு கனப்பது இசையாலா முகத்தாலா என்று சத்தத்தை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வெட்டே இல்லாமல் நீளும் காட்சியில், நடுவில் ஓர் எண்ணம் மாறுவது தெரிந்தால், அது நடிகரின் சொந்த உழைப்பு. தைரியமாகப் பெயர் சொல்லிப் பாராட்டலாம்.

பாத்திரத்தின் மேல் வரும் கோபத்தை நடிகர் மேல் கொட்டும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வின் 1978 மூலத் தொடரில் ஆணாக இருந்த ஸ்டார்பக் பாத்திரம் 2003இல் பெண்ணாக்கப்பட்டபோது, ஒரு காட்சிகூட வெளிவருவதற்கு முன்பே கேட்டி சாக்காஃப் வசைகளை வாங்கினார். பிறகு அந்தத் தொடரின் மிகப் பிரியமான முகங்களில் ஒன்றானார். 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகம் 2020இல் வந்தபோது, ஆபி என்னும் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த லாரா பேய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, கதையில் ஆபி செய்த ஒரு கொலைக்காக. அதே கதையின் தொலைக்காட்சி வடிவத்தில் நடித்த பெல்லா ராம்சியின் முகம் விளையாட்டில் வரும் முகம்போல் இல்லை என்று வந்த ஏச்சுக்கு அளவே இல்லை. முகச்சாயல் நடிப்பு விமர்சனம் ஆகாது. சிங்கப்பூரில் தமிழ் நடிகர்கள் உலகம் மிகச் சிறியது. நேற்றிரவு வில்லியாக வந்தவர் இன்று காலை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருப்பார். பெரும்பாலோருக்கு நடிப்பு முழுநேரப் பிழைப்பும் அல்ல. இங்கே எழுதப்படும் ஒவ்வொரு வசையும் அவர் கைக்கும் அவர் பிள்ளைகள் கைக்கும் போய்ச் சேர்கிறது. 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம் இணையத்தில் செய்யப்படும் துன்புறுத்தலுக்கும் பொருந்தும் என்பதையும், ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவரது சொந்த விவரங்களை வெளியிடுவதைக் குற்றமாக்கும் திருத்தம் பின்னர் அதில் சேர்க்கப்பட்டது என்பதையும் குழுக்களை நடத்துபவர்கள் உறுப்பினர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

கடுமையாக விமர்சிக்கக் கூடாது என்பதல்ல என் வாதம். தாராளமாக விமர்சியுங்கள், ஆனால் எந்த இடம் என்று சொல்லுங்கள். "அவருக்கு நடிக்கவே வரவில்லை" என்பதால் யாருக்கும் பயனில்லை. "மூன்றாவது எபிசோடில் தந்தை இறந்த செய்தியைக் கேட்கும்போது, செய்தி சொல்பவர் வாய் திறக்கும் முன்பே இவர் முகம் சோகமாகிவிட்டது" என்று எழுதினால் அந்த நடிகர் திருத்திக்கொள்ள வழி கிடைக்கும், இயக்குநருக்கும் அடுத்த முறை இன்னொரு டேக் எடுக்கத் தோன்றும். பாராட்டுக்கும் இதுவே பொருந்தும். வெறும் கைத்தட்டலிலிருந்து நடிகர் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரஇறுதிப் பக்கத்தில் தொலைக்காட்சி நடிப்பைப் பற்றிய வாசகர் குறிப்புகளுக்கு ஒரு சிறு இடம் ஒதுக்குங்கள். ஒரு குறிப்புக்கு 120 சொற்கள் போதும். ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், எந்த எபிசோடு, ஏறத்தாழ எத்தனையாவது நிமிடம் என்று குறிப்பிட வேண்டும். நடிகர் என்ன செய்தார் என்பதை முதலிலும், அது தமக்கு எப்படிப்பட்டது என்பதைப் பிறகும் எழுத வேண்டும். நிறம், எடை, வயது, முகச்சாயல் பற்றிய வரிகளை ஆசிரியர் குழு வெட்டிவிடலாம். எபிசோடு வெளிவந்து ஏழு நாள் ஆகும்வரை கதை முடிச்சை அவிழ்க்கும் குறிப்புகளை நிறுத்திவைக்கலாம். வெளிநாட்டுத் தொடர்களோடு நின்றுவிடாமல் வசந்தம் ஒளிவழியின் நாடகங்களைப் பற்றியும், இங்குள்ள தமிழ் நாடகக் குழுக்களின் மேடையேற்றங்களைப் பற்றியும் குறிப்புகள் வர வேண்டும். உயர்நிலைப்பள்ளித் தமிழ் மாணவர்களின் குறிப்புகளுக்கு மாதத்தில் ஒரு வாரத்தைத் தனியாக ஒதுக்கினால் ஆசிரியர்கள் அதை வகுப்பில் எழுத்துப் பயிற்சியாகக் கொடுக்க வசதியாக இருக்கும். முதல் சில வாரங்களுக்கு மாதிரிக் குறிப்புகள் தேவைப்பட்டால் எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
நாடகப் பயிற்றுநர் ஒருவர்,
தோ பாயோ